ஸ்லைடு அவுட் தரையையும் டிரிம்மையும் மாற்றுவது: கேம்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேம்பர் டிரெய்லருக்குள் முதலில் கந்தலாவது ஸ்லைடு அவுட்டின் முன்விளிம்புதான். சாப்பாட்டு மேசையில் உட்கார வருகிற எல்லோரும் அதில்தான் கால் வைத்து ஏறுகிறார்கள். பெட்டி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்த விளிம்பின் அடிப்பக்கம் டிரெய்லரின் பெரிய தரையை உரசிக்கொண்டோ நூலிழை இடைவெளியிலோ நகர்கிறது. சில வருடங்களில் கம்பளம் நைந்து, உள்ளே அடித்திருக்கும் ஸ்டேப்பிள் முள் தலைகாட்டத் தொடங்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் வேறு.

ஸ்லைடு அவுட் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: டிரெய்லர் நின்றபின் பக்கச் சுவரிலிருந்து மோட்டார் மூலம் வெளியே தள்ளப்படும் ஒரு பெட்டி அது. சாலையில் போகும்போது உள்ளே இருக்கும். முகாமில் வெளியே வந்து அறையின் அகலத்தை மூன்றடி கூட்டும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து நியூமார் நிறுவனம் 1990-ல் இதைக் கொண்டுவந்தது. இன்று வட அமெரிக்காவில் கொஞ்சம் பெரிய டிரெய்லர் வாங்கினால் ஒன்றாவது இல்லாமல் வருவது அரிது.

வீட்டில் வினைல் தரை போட்டுப் பழகியவர் இதையும் போட்டுவிடலாம். ஆனால் வீட்டுத் தரை இருந்த இடத்தில் இருக்கும், இது நகரும். அதனால் நிறம், மரக்கோலம் எல்லாவற்றுக்கும் முன்னால் மில்லிமீட்டர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது, பெரிய தரையைவிட ஒரு படி உயரமாக நிற்கும் டைனெட் ஸ்லைடு, அதாவது நடுவில் மேசையும் இரண்டு பக்கமும் பெஞ்சும் உள்ள வகை. மோட்டார் ஹோம்களில் (இழுத்துப் போகாமல் தானே ஓடும் வீட்டு வண்டிகளில்) வெளியே வந்ததும் கீழே இறங்கிப் பெரிய தரையோடு சமமாகிவிடும் ஸ்லைடுகள் இருக்கின்றன. அவற்றின் கணக்கே வேறு. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

இடைவெளியை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்

பலரும் குழம்பும் இடம் இது. ஸ்லைடின் மேல் போடுகிற தரை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அடியில் உள்ள இடைவெளி மாறாது. மாற்றுவது இரண்டுதான்: விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் மடங்கும் பொருள், அப்புறம் பெரிய தரையில் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பொருள். ஸ்லைடைத் தாங்கும் உருளைகள் சுவர்த் திறப்பின் ஓரத்தில் பழைய உயரத்திலேயே இருக்கும். பெரிய தரையை மட்டும் 5 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டால், ஸ்லைடு அதன்மேல் இழுத்துக்கொண்டுதான் உள்ளே வரும். இரண்டு தரையையும் சேர்த்து மாற்ற நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அளப்பதற்குக் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண் போதும். ஸ்லைடை வெளியே தள்ளிவிட்டு, அது உள்ளே வரும் பாதையில் இடம், நடு, வலம் என்று பெரிய தரையில் சுண்டைக்காய் அளவு உருண்டைகளை வையுங்கள். மேலும் கீழும் பாலிதீன் துண்டு வைத்தால் ஒட்டாது. ஸ்லைடை மெதுவாக உள்ளே எடுத்து, திரும்ப வெளியே தள்ளுங்கள். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி அளந்தால் அதுதான் உங்களுக்கு இருக்கும் இடம். மூன்றும் ஒரே அளவாக இருக்காது; மிகச் சிறியதையே எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை தாள் போல நசுங்கியிருந்தால், அங்கே கம்பளம் தரையைத் தொட்டுக்கொண்டுதான் நகர்கிறது என்று அர்த்தம். தொழிற்சாலையே அப்படி நினைத்துச் செய்ததாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் உலோக விளிம்பு வைக்க முடியாது.

இன்னொரு அளவும் வேண்டும். ஸ்லைடு முழுதாக உள்ளே இருக்கும்போது அதன் முன்முகத்துக்கும் எதிரே உள்ள சமையல் மேடைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? சில மாடல்களில் அங்கே ஒரு விரல்தான் நுழையும். படிவிளிம்பு டிரிம் (ஓரத்தை மூடும் பட்டை) வைத்தால் முன்முகம் சற்று வெளியே தள்ளி நிற்கும், அது எதிரே உள்ள இழுப்பறைக் கைப்பிடியில் போய் இடிக்கக் கூடாது.

என்ன தரை போடலாம்

என் தேர்வு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, பசையால் ஒட்டும் வினைல் பலகை. அடுத்த இடம் ஒரே துண்டாக விரிக்கும் வினைல் ஷீட்டுக்கு. ஷீட்டில் மூட்டு இல்லை, தண்ணீர் உள்ளே போகாது, எடையும் குறைவு. ஆனால் வெட்டும்போது ஒரு இடத்தில் தவறினால் முழுத் துண்டும் போச்சு.

ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மாட்டும் எஸ்பிசி (கல்பொடி கலந்த கெட்டி வினைல்) பலகைகளை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். பெரிய தரைக்குச் சரி, இடைவெளி இருந்தால். ஸ்லைடுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த வகைத் தரை ஒட்டாமல் மிதந்து, சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்க வேண்டும். நீங்களோ அதன்மேல் பெஞ்சை வைத்து ஸ்க்ரூவால் இறுக்கப் போகிறீர்கள். ஒன்டாரியோவிலோ மின்னசோட்டாவிலோ குளிர்காலம் முழுக்க சூடில்லாமல் நிற்கும் டிரெய்லரின் உட்புறம் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் போகும். ஜூலையில் ஜன்னல் மூடிக் கிடந்தால் அடுப்பங்கரைபோல் ஆகிவிடும். இறுக்கிய இடத்தில் விரிய முடியாத பலகை, மூட்டில்தான் போய்ப் பிளக்கும். லேமினேட் வேண்டவே வேண்டாம்: எடை அதிகம், ஒரு முறை தண்ணீர் புகுந்தால் ஓரம் உப்பிவிடும். தாளை உரித்து ஒட்டும் மலிவு வினைல் ஓடுகள் கோடைச் சூட்டில் பசை இளகி இடம் நகரும்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்கு மூன்றடி ஸ்லைடு 30 சதுர அடி. பலகைப் பெட்டியின் எடையும் அது மூடும் பரப்பும் வெளியே அச்சிட்டிருக்கும். வகுத்து, முப்பதால் பெருக்கினால் முடிந்தது. பழைய கம்பளத்தையும் அடிப் பஞ்சையும் கழற்றியபின் எடைபோட்டு ஒப்பிடலாம். வெளியே நீட்டி நிற்கும் பெட்டியில் கூடுகிற ஒவ்வொரு கிலோவையும் மோட்டாரும் பல்சக்கரமும்தான் சுமக்க வேண்டும். எந்தப் பலகை வாங்கினாலும் சூடில்லாத இடத்துக்கு அது ஏற்றதா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துவிடுங்கள்.

பிரிப்பதற்கு முன்

டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மூலைக் கால்களை இறக்குங்கள். பேட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும். ஸ்லைடை முழுதாக வெளியே தள்ளியபின், அதன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே குனிந்து வேலை செய்யும்போது யாராவது விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்லைடில் அடுப்போ ஃபிரிட்ஜோ இருந்தால் கேஸ் சிலிண்டரை மூடுங்கள். கேஸ் குழாயில் கை வைக்காமல், அந்தக் கேபினட்டை இருந்த இடத்திலேயே விட்டு அதன் விளிம்போடு தரையை வெட்டிக்கொள்வது நல்லது.

கருவிகள் அதிகம் வேண்டாம். அதிரும் பிளேடு உள்ள மல்டி டூல், கட்டர் கத்தியும் நிறைய பிளேடும், தட்டையான நெம்பி, முனையால் கவ்வும் குறடு, குத்தூசி, ஈரமானி, நல்ல முகக்கவசம், வேக்யூம். ஸ்க்ரூ டிரைவரில் சதுர முனை வேண்டும், இரண்டாம் நம்பர். டிரெய்லர்களில் சதுரத் துளை ஸ்க்ரூக்கள்தான் அதிகம். கனடாவின் பி. எல். ராபர்ட்சன் 1909-ல் காப்புரிமை வாங்கிய அதே ஸ்க்ரூ. கை நழுவாது என்பதால் இன்றும் விடவில்லை.

பிரித்தெடுப்பது

மேசையைக் கழற்றுங்கள். பெஞ்சின் மெத்தையையும் மூடியையும் எடுத்தால் உள்ளே சட்டத்தின் அடியில் தரைக்குப் போகும் ஸ்க்ரூக்கள் தெரியும். சில பெஞ்சுகளில் பக்கச் சுவருக்கும் ஸ்க்ரூ போயிருக்கும். இழுத்துப் பிடுங்குவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: பிளக் பாயின்ட் வயர், ஹீட்டர் குழாய், 12 வோல்ட் வயர் ஏதாவது போகலாம். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சாக்பீஸால் எண் போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்க்ரூக்களை இடத்துக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து வைப்பது அவசியம், ஏனென்றால் அவற்றின் நீளம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கம்பளத்தை நீளவாக்கில் இரண்டு மூன்று பட்டைகளாகக் கிழித்து எடுங்கள். முன்விளிம்புக்கு வரும்போது நிறுத்துங்கள். கம்பளம் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் மடங்கி, அங்கே ஸ்டேப்பிள் அடிக்கப்பட்டிருக்கும். பெட்டியை டிரெய்லரில் மாட்டுவதற்கு முன்பே அடித்தது அது. இப்போது உங்கள் கை அங்கே போகாது. அதைப் பிடுங்கவும் வேண்டாம். அந்த அடித்துண்டுதான் பெரிய தரையின்மேல் ஸ்லைடு வழுக்கிப் போக உதவுகிறது. முன்முகத்தின் மேல் ஓரத்தில் கத்தியை வைத்து நேர்கோடாக வெட்டி, முன்முகத்தில் உள்ள கம்பளத்தையும் அடியில் உள்ளதையும் அப்படியே விட்டுவிடுங்கள். முன்முகத்தில் கம்பளம் நைந்து தொங்கினால் தளர்ந்த நூலை வெட்டிவிட்டு, கான்டாக்ட் பசை தடவி மரத்தோடு அழுத்தி ஒட்டுங்கள். பின்னால் டிரிம் அதை மூடிவிடும்.

ஸ்டேப்பிள்தான் இந்த வேலையின் நரகம். இரண்டு அங்குலத்துக்கு ஒன்று அடித்திருப்பார்கள், ஓரங்களில் அதைவிட நெருக்கம். குறடால் கவ்வி உருட்டி எடுப்பதே வேகம். உடைந்து நிற்கும் காலைச் சுத்தியால் உள்ளே தட்டிவிடலாம். முடித்தபின் அகலமான புட்டித் தகட்டைத் தரையோடு படுக்கவைத்து இழுத்துப் பாருங்கள்; ‘டிக்’ என்று தட்டும் இடத்திலெல்லாம் இன்னும் ஒன்று இருக்கிறது. 2 மில்லிமீட்டர் வினைல் ஒரு ஸ்டேப்பிள் தலையைக்கூட மறைக்காது.

அடிப்பலகை என்ன சொல்கிறது

தரை தேய்ந்ததற்குக் காரணம் காலடி மட்டுமா, தண்ணீரா என்பது இப்போதுதான் தெரியும். ஓஎஸ்பி (மரச் சீவல்களைப் பசையால் அழுத்திச் செய்த) பலகையோ பிளைவுட்டோ, மூலைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். முள் எளிதாக இறங்கினாலும், பலகை கறுத்து உப்பியிருந்தாலும் ஈரமானியை வையுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் அங்கே இருக்கிறது.

ஈரம் இருந்தால் தரை வேலையை நிறுத்திவிட்டு ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். வழக்கமான குற்றவாளிகள்: ஸ்லைடுக் கூரையின் மூலைகள், சுருண்டு மடிந்துபோன ரப்பர் சீல், மேசைக்கு மேலே உள்ள ஜன்னலின் கீழ்மூலைகள், அடியில் கறுப்பு உறை கிழிந்த இடம். வெளியே ஹோஸால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே போக, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று பிடிபடும். மேலிருந்து ஊற்றினால் எல்லாமே நனையும், ஒன்றும் தெரியாது.

உள்ளங்கை அளவு மட்டும் மேலோட்டமாக மெத்தென்று இருந்தால், காயவைத்து, ஊடுருவும் எபாக்ஸி ஊற்றிக் கெட்டியாக்கலாம். அதைவிடப் பெரிதென்றால் நல்ல மரம் வரும்வரை சதுரமாக வெட்டி எடுத்து, அதே தடிமன் பிளைவுட்டைப் பொருத்த வேண்டும். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக வைத்து வெட்டி, மீதியை உளியால் முடியுங்கள். இல்லாவிட்டால் அடியில் உள்ள தண்ணீர் தடுக்கும் உறை கிழியும். வீட்டில் செய்வதுபோல அடியில் ஒரு சட்டம் வைத்து ஒட்டுத்துண்டைத் தாங்கவைக்க முடியாது. அங்கே உருளை ஓடுகிறது. இரண்டு பலகையின் ஓரத்தையும் பாதித் தடிமனுக்குச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி பசையால் ஒட்டுங்கள். உருளை ஓடும் கோட்டிலோ பக்கச் சுவர் நிற்கும் இடத்திலோ மரம் போயிருந்தால் அது பெட்டியையே கழற்றும் வேலை. பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பலகை நன்றாக இருந்தால் மூட்டுகளைத் தேய்த்துச் சமமாக்கி, பள்ளங்களில் மட்டும் மெல்லிய பூச்சு வைத்து நிரப்புங்கள். முழுத் தரைக்கும் பூசாதீர்கள். டிரெய்லர் சாலையில் முறுக்கிக்கொள்ளும்போது தடித்த பூச்சு வெடித்து மணலாகிவிடும்.

ஒட்டுவது

வினைல் பலகைகளை இரண்டு நாள் டிரெய்லருக்குள்ளேயே அறைச் சூட்டில் போட்டுவையுங்கள். ஸ்லைடின் நீளவாக்கில் ஓடவிடுங்கள். முதல் வரிசை முன்விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணில் படும் இடத்தில் முழுப் பலகை வரும், வெட்டிய ஒல்லித் துண்டு பின்னால் பெஞ்சுக்கு அடியில் மறையும். பசையில்லாமல் ஒருமுறை முழுதாக அடுக்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் மூட்டு குறைந்தது ஆறு அங்குலம் தள்ளி இருக்கட்டும். சுவரோரம் 3 மில்லிமீட்டர் விடுங்கள். ஷீட் என்றால் பழுப்புத் தாளைத் தரையில் ஒட்டி, கேபினட் ஓரங்களை அதில் வரைந்து, அந்த மாதிரியை வைத்து வெளியே வெயிலில் விரித்த ஷீட்டில் வெட்டுங்கள். சூட்டில் ஷீட் வளையும், சுருக்கம் போகும்.

அழுத்தினால் பிடிக்கும் வகை அக்ரிலிக் பசையைப் பல்தகட்டால் மெல்லிதாக இழுங்கள். பூசியவுடன் பால்போல் வெள்ளையாக இருக்கும். அவசரப்பட்டு அதன்மேல் பலகையை வைத்தால் இரண்டு நாளைக்குச் சறுக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளை போய்க் கண்ணாடிபோல் தெளிந்து, விரலால் தொட்டால் ஒட்டினாலும் விரலோடு வராத நிலை வரும்வரை காத்திருங்கள். அப்போது வையுங்கள், ஆனால் வைத்தபின் நகர்த்த முடியாது என்பதால் நேராக வையுங்கள். கையுருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். கையுருளை இல்லையா, சப்பாத்திக் கட்டை தாராளமாகப் போதும், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

முன்விளிம்பு

இங்கே அவசரம் கூடாது. அலுமினியப் படிவிளிம்போ எல் வடிவ வினைல் பட்டையோ, முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் மூட்டு வந்தால் அங்கேதான் சாக்ஸ் மாட்டும். டிரிம்மின் மேல்தட்டு புதுத் தரையின்மேல் படிய வேண்டும். கீழே தொங்கும் தட்டு, ஸ்லைடுப் பலகையின் அடிமட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிட வேண்டும். நீளமாக இருந்தால் அறுத்து, முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். இரண்டு ஓரங்களின் கூர்முனையையும் அப்படியே.

ஸ்க்ரூ நீளம்தான் ஆபத்தான இடம். பலகை 16 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் டிரிம், 2 மில்லிமீட்டர் வினைல், அதற்குக் கீழே மரம். 16 மில்லிமீட்டர் ஸ்க்ரூ மரத்துக்குள் 12 இறங்கும், 4 மீதம். அதுவே 25 மில்லிமீட்டர் ஸ்க்ரூவானால் அடியில் 5 மில்லிமீட்டர் முள்ளாக நீட்டிக்கொண்டு, உருளையைக் குதறி, பெரிய தரையில் முழு நீளத்துக்குக் கோடு கிழிக்கும். உங்கள் பலகையின் தடிமனை ஏதாவது துளையில் கம்பி விட்டு அளந்தபிறகே ஸ்க்ரூ வாங்குங்கள். டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்து, முதலில் துளையிட்டு, தலை மேலே நிற்காதபடி குழித்து இறக்குங்கள். முன்முகத்தில் ஸ்க்ரூ வேண்டாம். ஓஎஸ்பியின் ஓரம் ஸ்க்ரூவைப் பிடிக்காது. அங்கே பாலியூரித்தேன் பசை வைத்து, காயும்வரை டேப்பால் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

களிமண் சோதனையில் இடமே இல்லை என்று தெரிந்தவர்கள் உலோகத்தை மறந்துவிட்டு, தணிந்த இழைக் கம்பளப் பட்டையை முன்முகத்துக்கும் மேலே இரண்டு அங்குலத்துக்கும் ஒட்டி, மேல் ஓரத்தை மெல்லிய பட்டையால் மூடலாம். பார்க்கப் புதுமையாக இருக்காது, ஆனால் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

ஃபேசியாவும் மற்ற டிரிம்மும்

திறப்பைச் சுற்றி நிற்கும் ஃபேசியாப் பலகைகளின் ஸ்க்ரூக்கள் ஒரு வினைல் நாடாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நாடாவை ஒரு முனையில் நெம்பினால் உருவி வந்துவிடும். ஃபேசியாவின் முதுகு, ஸ்லைடு வெளியே போனதும் சுவரில் உள்ள ரப்பர் சீலில் போய் அழுந்துகிறது. ஆகவே புதுப் பலகையின் முதுகு பழையது நின்ற அதே தளத்தில் நிற்க வேண்டும். வளைந்த பலகை போட்டால் ஒரு பக்கம் சீல் ஆகும், மறுபக்கம் காற்று வரும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையைத் தவிர்த்து, பிவிசி பலகையோ பெயின்ட் அடித்த பைனோ எடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறும்; டிரெய்லரில் செங்கோணம் என்று ஒன்று கிடையாது. ஆணி மட்டும் அடித்தால் சாலை அதிர்வில் கழன்றுவிடும், ஸ்க்ரூ போடுங்கள். பெஞ்சோரத்துச் சிறு பட்டைகளைப் பெஞ்சோடு பிணையுங்கள், தரையோடு வேண்டாம்.

பெஞ்சைப் பழைய துளைகளிலேயே, பழைய நீள ஸ்க்ரூவாலேயே மாட்டுங்கள். துளை லூசாகிவிட்டதென்றால் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் திரும்பத் துளையிடலாம். பசை பூசி ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

ஃபியூஸைப் போடுங்கள். ஒருவர் பொத்தானிலும் ஒருவர் டார்ச்சோடு விளிம்பின் பக்கத்திலும். டார்ச் பிடிப்பவர் ஸ்லைடு வரும் பாதைக்கு வெளியே, கதவுப் பக்கமாக இருக்கட்டும். நான்கு விரல் அகலம் உள்ளே, நிறுத்து, பார். மறுபடி நான்கு விரல். மோட்டாரின் குரல் கனத்தால் உடனே நிறுத்தித் திரும்ப வெளியே தள்ளுங்கள். அழுத்திப் பிடித்துச் சமாளிக்கப் பார்த்தால் பல்சக்கரம் போகும். முழுதாக உள்ளே வந்ததும் விளிம்புக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து, நீளம் முழுக்க இழுத்துப் பாருங்கள். வெளியே போய் நான்கு பக்கமும் சீல் சமமாக அழுந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கச் சுவருக்குள்ளேயே இரண்டு மோட்டார் உள்ள ஷ்விண்டெக் வகை என்றால், முழுதாக வெளியே தள்ளி, மோட்டார் தானாக நிற்கும்வரை பொத்தானை விடாமல் பிடியுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே கதியில் வரும்.

முதல் பயணத்திலிருந்து வந்ததும் முன்விளிம்பு ஸ்க்ரூக்களை ஒரு சுற்று கையால் இறுக்கி, பெரிய தரையில் புதுக் கோடு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மீந்த பலகைகள் இரண்டைப் பெஞ்சுக்கு உள்ளே தட்டையாகப் படுக்க வைத்துவிடுங்கள். அதே நிறம் அடுத்த வருடம் கடையில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.